நாடகத் திரையில் தெரு சீன் வரைந்த மாமாவுக்கு, டண்டீயிலிருந்து

டண்டீ, ஸ்காட்லாந்து
பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன். நீங்கள், அத்தை, அம்மாச்சி எல்லோரும் சுகம்தானே. போன் பண்ணும்போதெல்லாம் "என்னம்மா வரையிற, எப்படிப் போகுது" என்று கேட்கிறீர்கள். நானும் "நல்லா போகுது மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு, குளிர் என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். கணினி விளையாட்டுகளுக்கு இடங்களை வரையப் படிக்கிறேன் அல்லவா, அதைப் பற்றிப் போனில் சொல்ல எனக்கு வருவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். படங்களை ஏ3 தாளில் அச்செடுத்துச் சுருட்டிக் கூடவே அனுப்புகிறேன். சுவரில் குத்தி வைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பின்பக்கம் எண் போட்டிருக்கிறேன், அந்த வரிசையில் பார்த்தால் நான் எங்கே ஆரம்பித்து எங்கே வந்திருக்கிறேன் என்று தெரியும்.

முதலில் இந்த ஊர் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பாடமே அங்கேதான் தொடங்கியது. டிசம்பர் மூன்றாவது வாரத்தில் காலை எட்டே முக்காலுக்குத்தான் இங்கே சூரியன் வருகிறது, பிற்பகல் மூன்றரை தாண்டியதும் போய்விடுகிறது. இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலும் மேலே ஏறுவதில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அடிவானத்திலிருந்து வெறும் 10 டிகிரி உயரத்தில் நிற்கிறது, உச்சிப்பொழுதிலேயே ஒரு ஆளின் நிழல் அவர் உயரத்தைப்போல ஐந்து மடங்குக்கு மேல் நீண்டு தெருவுக்குக் குறுக்கே விழுகிறது. நமக்குப் புதுக்கோட்டையில் சித்திரை மாத மத்தியானம் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்குமே, நான் அந்த வெயிலில் வளர்ந்தவள். வந்த புதிதில் இங்கத்தித் தெருக்களை வரைந்தபோதும் வெளிச்சத்தைத் தலைக்கு மேலிருந்தே போட்டேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "கட்டடம் எல்லாம் டண்டீதான், ஆனால் வெயில் வேறு ஊர் வெயிலாக இருக்கிறதே" என்றார். திட்டவில்லை, ஆர்வமாகத்தான் கேட்டார், உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று. ஒரு படத்தைப் பார்த்த உடனே அது பூமியில் எந்தப் பக்கம் என்பதை நிழல் சொல்லிவிடுகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

முதல் எண் போட்ட படம் அக்டோபரில் போட்டது. மலைமேல் ஒரு கோட்டை, அடிவாரத்தில் சந்தை. மூன்று வாரம் உட்கார்ந்து கூரை ஓடுகளைக்கூட ஒவ்வொன்றாக வரைந்தேன் மாமா. வகுப்பில் காட்டியபோது ஆசிரியர் ஒன்றும் பேசாமல் என் மவுஸை வாங்கி, படத்திலிருந்த நிறத்தை மொத்தமாக எடுத்துவிட்டார். கருப்பு வெள்ளையில் பார்த்தால் கோட்டை, வானம், சந்தை எல்லாம் ஒரே சாம்பல், சிமெண்ட் பூசின சுவர் மாதிரி இருந்தது. "இப்போது உன் கண் எங்கே போகிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி அறைக்கு வந்து அழுதேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் நிறத்தைத் தொடவே இல்லை. தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டு அதற்குள் ஒரு இடம். கருப்பு, வெள்ளை, நடுவில் ஒரே ஒரு சாம்பல், அவ்வளவுதான் அனுமதி. தினமும் பத்துக் கட்டம். இரண்டாம் எண் தாளில் ஒரு அறுபது இருக்கும், மொத்தம் நானூறைத் தாண்டிவிட்டது. தீப்பெட்டி அளவில் ஓடு, செங்கல், இலை எதையும் வரைய முடியாது, எது இருட்டு, எது வெளிச்சம், எது எதன்மேல் விழுகிறது என்று மட்டும்தான் யோசிக்க முடியும். இடது கோடியில் மூன்றாவது வரிசையைப் பாருங்கள், ஒரு சந்து, அதன் முடிவில் ஒரு வெள்ளைத் துண்டு. அதைப் போட்டு முடித்தபோது எனக்கே அந்தச் சந்துக்குள் நடக்கலாம் போலிருந்தது. முதன்முதலாக அப்படித் தோன்றியது அதில்தான்.

கிளம்பும்போது நீங்கள் சொன்னதை மறக்கவில்லை, "கம்ப்யூட்டர்ல வரைஞ்சா கை செத்துப் போயிடும்மா" என்றீர்கள். யோசித்துப் பார்த்தேன், பாதி உண்மை. என்னிடம் இருப்பது யாரோ பயன்படுத்தி விற்ற வேக்கம் பலகை, கணினியோடு இணைத்துப் பேனாவால் வரைகிற பலகை, திரை இல்லாதது. கை மேஜைமேல் இருக்கும், கண் எதிரே திரையில் இருக்கும், போட்ட கோடு கைக்குக் கீழே தெரியாது. அது பழகவே ஒரு மாதம் ஆனது. அழுத்தினால் கோடு தடிக்கிறது, தளர்த்தினால் மெலிகிறது, அதெல்லாம் பிரஷ் மாதிரியேதான். ஆனால் காடாத் துணி பிரஷ்ஷைப் பிடித்து இழுக்குமே, அந்த இழுப்பு இதில் இல்லை, பிளாஸ்டிக் வழுக்குகிறது. அதனால் பலகைமேல் ஒரு வெள்ளைத்தாளை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். பேனா முனை சீக்கிரம் தேய்கிறது, பரவாயில்லை, கரகரவென்று சத்தம் கேட்டால்தான் எனக்குக் கோடு நேராக வருகிறது. இன்னொரு கெட்ட பழக்கமும் வந்தது. கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால் போட்ட கோடு அழிந்துவிடும், அதனால் ஒரே கோட்டை இருபது தடவை போட்டு இருபது தடவை அழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தச் சாவியையே வேலை செய்யாமல் வைத்துவிட்டு இரண்டு வாரம் வரைந்தேன். நீங்கள் வஜ்ரப் பசையில் கலந்த நிறத்தை நாடகத் திரையில் ஒருதரம் இழுத்தால் இழுத்ததுதான். அந்தப் பயம் கைக்கு வேண்டும் மாமா, அந்த இரண்டு வாரத்தில்தான் என் கோடு நிமிர்ந்தது.

இனி மூன்றாம் எண், பாலம். இதைக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாருங்கள்.

இந்த ஊர் டே என்கிற ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. ஆற்றைக் கடந்து போகிற ரயில் பாலம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம், பாம்பன் பாலத்தைவிடப் பெரியது. நவம்பரில் ஒருநாள் காலை மூடுபனி. கரையில் போய் நின்றால் முதல் தூண் நல்ல கருப்பு, ஐந்தாவது தூண் சாம்பல், பத்தாவது வானத்தின் நிறமே ஆகிவிட்டது, அதற்கு அப்பால் பாலம் இருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. ரயில் ஒன்று வந்தது, சத்தம் மட்டும் வெகுதூரத்திலிருந்து கேட்டு, பிறகு சாம்பலுக்குள்ளிருந்து விளக்கு வந்து, கடைசியில்தான் பெட்டிகள் வந்தன. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருக்கிற காற்றைத்தான் நான் அன்றைக்கு முழுக்க வரைந்தேன். கை விறைத்துப் போய் மைக் குப்பியின் மூடியைத் திருகக்கூட முடியவில்லை. வசந்தத்தில் வடகடலிலிருந்து ஒரு பனி ஊருக்குள் ஏறி வருமாம், அதற்கு இவர்கள் ஹார் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அதற்காகக் காத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதுள்ள பாலத்தை ஒட்டியே தண்ணீரில் மொட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அவை பழைய பாலத்தின் மிச்சம். 1878-இல் திறந்தார்கள், அடுத்த வருடமே, 1879 டிசம்பர் 28 ராத்திரி, புயலில் நடுப்பகுதி சரிந்து, மேலே போய்க்கொண்டிருந்த ரயிலும் ஆற்றில் விழுந்துவிட்டது. அதில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 1887-இல் புதுப் பாலம் பக்கத்திலேயே வந்தது, பழைய தூண்களின் அடிப்பகுதியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். இதைப் படித்ததும் எனக்கு 1964 டிசம்பரும் தனுஷ்கோடியும்தான் நினைவுக்கு வந்தது. அம்மாச்சி அந்தப் புயலைச் சொல்லும்போது ரயில் போன கதையில்தானே நிறுத்துவார். ஆசிரியரிடம் தனுஷ்கோடியைப் பற்றிச் சொன்னேன், அங்கே மணலில் கூரையில்லாமல் நிற்கிற தேவாலயத்தின் போட்டோவையும் காட்டினேன், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் படத்தில் ரயிலும் இல்லை, புயலும் இல்லை. மொட்டைத் தூண்களை முன்னால் வைத்து, புதுப் பாலத்தைப் பனிக்குள் பின்னால் தள்ளியிருக்கிறேன். இந்தத் தடவை நிறத்தை எடுத்துப் பார்த்தபோதும் கண் நேராக அந்தத் தூணுக்குத்தான் போனது.

ஜனவரியில் ஒருநாள் எடின்பரோவுக்கு ரயிலில் போய் வந்தேன், தேசிய ஓவியக் கூடத்தில் டர்னர் என்ற ஆங்கில ஓவியரின் நீர்வண்ணப் படங்களைப் பார்க்க. 38 படங்கள். ஹென்றி வான் என்பவர் சேர்த்து வைத்திருந்து உயில் எழுதி வைத்ததால் 1900-இல் கூடத்துக்கு வந்தவை. ஜனவரி மாதம் மட்டும்தான் வெளியே வைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையோடு கொடுத்தாராம், அப்போதுதான் வெளிச்சம் மிகக் குறைவு, நிறம் வெளுக்காது என்று. நுழைவுக் கட்டணம் கிடையாது. கையகலத் தாளில் ஒரு கடலும் ஒரு வானமும் இருக்கிறது மாமா, பக்கத்தில் போய்ப் பார்த்தால் நாலு கறை, தள்ளி வந்தால் காற்று அடிக்கிறது. நான் இரண்டு மணி நேரம் நின்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் கட்டாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்திருப்பீர்கள்.

இப்போது கையில் இருப்பது ஒரு சணல் ஆலை. இந்த ஊர் முழுக்க ஒரு காலத்தில் சணல் ஆலைகள். வங்கத்திலிருந்து கப்பலில் சணல் வரும், அதை மெத்தென்று ஆக்கத் திமிங்கில எண்ணெய் தடவுவார்கள், அந்த எண்ணெயும் இந்த ஊர்க் கப்பல்களே கொண்டுவந்ததுதான். வேலை செய்தவர்களில் பெண்கள்தான் அதிகம். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தும் கையசைத்தும் பேசிக்கொள்வார்களாம். பழைய ஆலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அங்கே போய் மூன்று முறை வரைந்து வந்தேன். எங்களுக்குக் கொடுத்திருக்கிற வேலை, ஆளே இல்லாத ஆலையை வரைந்து அங்கே யார் இருந்தார்கள் என்று தெரிய வைப்பது. நான் செய்திருப்பது இதுதான்: ஒரு தூணில் தோள் உயரத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, தரையில் எண்ணெய் ஊறின கறை இரண்டு தறிகளுக்கு நடுவில் பாதை மாதிரி போகிறது, ஆணியில் ஒரு துணி தொங்குகிறது. முதலில் பிளெண்டர் என்ற மென்பொருளில் வெறும் பெட்டிகளாக ஆலையைக் கட்டி, உள்ளே ஐந்தடி உயரத்தில் ஒரு பொம்மையை நிறுத்தி, அவள் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிட்டு, அதன்மேல்தான் வரைகிறேன். நாலாம் எண் அதன் பாதி. இடதுபக்க ஜன்னல் இன்னும் சரியாக வரவில்லை, எனக்கே தெரியும்.

இந்த இடத்தில்தான் உங்கள் வேலையையும் என் வேலையையும் சேர்த்து யோசித்துப் பார்த்தேன். உங்கள் காட்டு சீனில் வள்ளி தினைப்புனம் காப்பாள், மறுநாள் அதே திரைக்கு முன்னால் அரிச்சந்திரன் மனைவி பிள்ளையோடு அலைவான். எந்தக் காட்டுக்கும் பொருந்த வேண்டும் என்பதால் அதில் குறிப்பான ஒரு மரம்கூடக் கிடையாது. என்னிடம் கேட்பது நேர் எதிர், இந்த ஒரு ஆலை, இந்த ஒரு மத்தியானம். ஆனால் தெரு சீன் அப்படி இல்லை மாமா. வலதுபக்கத் திண்ணையில் ஒரு செம்பு வைப்பீர்களே. சின்ன வயதில் நாடகத்தைப் பார்க்காமல் அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருப்பேன், அந்த வீட்டில் யாருக்கோ தாகம் எடுத்திருக்கிறது, இப்போது உள்ளே போயிருக்கிறார், வருவார் என்று.

வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். விளையாட்டுத் தயாரிக்கிற கம்பெனிகள் இந்த ஊரில் உண்டு, அபெர்டே பல்கலைக்கழகம் 1997-லேயே கணினி விளையாட்டுக்கென்று பட்டப்படிப்பு தொடங்கிய ஊர் இது. ஆனால் இப்போது நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஏஐ படம் போட்டுத் தந்துவிடுகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு இடம் குறையுமோ என்று வகுப்பில் எல்லோருக்கும் கவலை. எனக்கும்தான். ஃப்ளெக்ஸ் வந்த வருடம் நம் வீட்டுத் தாழ்வாரத்தில் நிறக் குப்பிகள் மூடியபடியே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நீங்கள் அப்போதும் நாடகத் திரையை விடவில்லை. நானும் தூணையும் எண்ணெய்க் கறையையும் நேரில் போய்ப் பார்த்து வரைகிறவளாகவே இருக்கப் போகிறேன்.

மற்றபடி வாரத்தில் 20 மணி நேரம்வரை வேலை பார்க்க விசாவில் அனுமதி உண்டு, ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன், கைச்செலவுக்குப் போதும். சோறு பொங்கிக்கொள்கிறேன், அத்தை கொடுத்த பருப்புப்பொடி இன்னும் அரைப் பாட்டில் இருக்கிறது.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். தெரு சீனில் அடிவானக் கோட்டைத் தரையிலிருந்து எத்தனை அடியில் வைப்பீர்கள்? நடிகர் திரைக்கு ஒட்டி வந்தாலும் பின்னால் இருக்கும் வீடு பொம்மை வீடு மாதிரி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? ஆலைக்குள் என் பொம்மை பின்சுவருக்குப் போனதும் சரியாக அதே சிக்கல் வருகிறது, இங்கே யாரிடம் கேட்டாலும் கேமராவை மாற்று என்கிறார்கள், எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அப்புறம், பரணில் சுருட்டி வைத்திருக்கிற பழைய தெருத் திரையை ஒருநாள் வெயிலில் விரித்து, முழுசாக ஒரு போட்டோவும், அந்தச் செம்பை மட்டும் பக்கத்தில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கள். நூல் அடித்த நீலக்கோடு இன்னும் தெரிந்தால் அதையும். பூச்சி அரித்திருந்தால் பரவாயில்லை, அப்படியே எடுங்கள்.

அம்மாச்சிக்கு மூன்றாம் எண் படத்தைக் காட்டுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
செல்வி