'புரியுது மிஸ்' என்று சொல்லும் பிள்ளைகள்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை.

ஆறு பிள்ளைகளோடு பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் ஆரம்பித்ததாக எழுதியிருந்தாய். எதிரில் உட்கார்ந்திருக்கும்போது "புரியுது மிஸ்" என்கிறவர்கள் வீட்டில் தனியாகப் போட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏன் என்று கேட்டிருந்தாய். நீ போடும் கணக்கு அவர்களுக்குப் புரிவது நிஜம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வரி என்ன என்று முடிவெடுத்தது நீ. அவர்கள் செய்தது, நீ எடுத்த முடிவு சரி என்று தலையாட்டியது மட்டும். வீட்டில் முடிவெடுக்க ஆள் இல்லை, அதனால் நின்றுவிடுகிறது.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் இதற்கு ஒரு கணக்கே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதைக் குறைவில்லாமல் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். உன் ஒன்றரை மணி நேர வகுப்பில் யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார். முக்கால்வாசி நேரம் உன் குரல்தான் கேட்டால், அந்தக் கால் பங்குக்காகத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் செய்ய வேண்டியது, எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது. மதிப்பெண் அட்டை உதவாது. 42 என்று இருந்தால் 58 போனது தெரியும், எங்கே போனது என்று தெரியாது. காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களை வாங்கு. தப்பான ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு எழுத்துப் போடு: தெரியாமல் விட்டது 'தெ', தெரிந்தும் கைதவறியது 'கை', கேள்வியைத் தப்பாகப் படித்தது 'ப'. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. 'ப' அதிகமுள்ள பிள்ளைக்கு இன்னும் நூறு கணக்குக் கொடுத்தால் நூறையும் தப்பாகப் படிப்பான், அவ்வளவுதான். அவன் ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று சொன்ன பிறகே பென்சிலைத் தொட வேண்டும்.

விடைத்தாள் கிடைக்காத பிள்ளைக்கு 20 நிமிடத்தில் இந்தப் பன்னிரண்டையும் போடச் சொல்: −7 + 3; −4 − 6; (−3)²; −3²; 2/3 + 1/4; 3/4 ÷ 2; 5 − (x − 2); 3x + 7 = 1; (a + b)² விரிவு; x² − 9 காரணிகள்; √(9 + 16); 240-இல் 15 சதவீதம். ஒன்றுகூடப் பத்தாம் வகுப்புப் பாடம் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்பில் சறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் இவற்றில் நாலைந்தில் சறுக்குவார்கள்.

தப்பான விடையை அடித்துவிட்டு நகராதே, அதைப் படி. 2/3 + 1/4-க்கு 3/7 என்று எழுதியவன் பின்னத்தை ஓர் எண்ணாகப் பார்க்கவில்லை, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு எண்ணாகப் பார்க்கிறான். "3/7 பாதியைவிடச் சின்னது, 2/3 பாதியைவிடப் பெரியது. கூட்டினால் குறையுமா?" என்று கேட்டால் அவனே திடுக்கிடுவான். √(9 + 16) என்பதை 3 + 4 = 7 என்று போடுகிறவளும் (a + b)² என்பதை a² + b² என்று எழுதுகிறவளும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். 2(a + b) = 2a + 2b என்ற பழக்கத்தை எல்லா இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். a-க்கு 3, b-க்கு 4 போட்டுப் பார்க்கச் சொல். 49 ஒரு பக்கம், 25 ஒரு பக்கம். இந்த 'எண் போட்டுப் பார்' பழக்கம் ஒன்று ஒட்டிக்கொண்டாலே பாதித் தப்பை அவர்களே பிடித்துவிடுவார்கள்.

5 − (x − 2) என்பதை 3 − x என்று எழுதும் பிள்ளையை மட்டும் விட்டுவிடாதே. ஏழு எட்டாம் வகுப்பில் விழுந்த அந்தக் குறித் தப்பு, பத்தாம் வகுப்பில் காரணிப்படுத்தலில் வந்து நிற்கும். 2x² − 7x + 3 எடுத்துக்கொள். பெருக்கல் 6, கூட்டல் −7, ஆகவே −6, −1. 2x² − 6x − x + 3 வரை சரியாக வருவான். அடுத்த வரியில் 2x(x − 3) − 1(x + 3) என்று எழுதிவிட்டு, "மிஸ், அடைப்புக்குறி ரெண்டும் ஒண்ணா வரலை" என்பான். அப்போது காரணிப்படுத்தலை முதலிலிருந்து மறுபடி நடத்துவது வீண். அவனுக்குக் காரணிப்படுத்தல் தெரியும், அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறிதான் தெரியவில்லை. பத்து நிமிடம் அதை மட்டும் எடு.

இனி வகுப்பு நடத்தும் முறை. உள்ளே வந்ததும் பேச்சில்லாமல் ஒரு வெள்ளைத் தாளும் மூன்று கணக்கும். ஒன்று போன வகுப்பில் நடத்தியது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. நோட்டு, புத்தகம் மூடியிருக்க வேண்டும். பத்தே நிமிடம். "மறந்துடுச்சு மிஸ்" என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். மறந்ததை நினைவிலிருந்து இழுத்தெடுக்கும் அந்தச் சிரமம்தான் பாடத்தைத் தங்க வைக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். நம் பிள்ளைகளுக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே.

புதுப் பாடத்தில் ஒரு கணக்கை நீ முழுதாகப் போடு. ஒவ்வொரு வரியிலும் என்ன செய்கிறாய் என்பதைவிட ஏன் என்பதைச் சொல். அடுத்ததைப் பாதி வரை போட்டு நிறுத்து, மீதி அவர்கள். மூன்றாவதில் முதல் வரி மட்டும் கொடு. நான்காவது முழுக்க அவர்களுடையது. முழுதாகப் போட்டுக் காட்டியதிலிருந்து நேராகத் தனியாகப் போடச் சொல்வதற்குத் தாவினால், நீ எழுதியிருந்த சங்கதிதான் நடக்கும்.

பிள்ளை திணறும்போது உன் கை பென்சிலைத் தேடிப் போகும். போகவிடாதே. பத்து எண்ணும் வரை பேசாமல் இரு. பத்து என்பது சொல்லும்போது சின்னதாக இருக்கும், உட்கார்ந்து பார்த்தால் ஒரு யுகம். அதற்குப் பிறகும் வரவில்லையென்றால் படிப்படியாகக் கொடு: கேள்வியை மறுபடி படிக்கச் சொல், படம் வரையச் சொல், இதே மாதிரி முன்னால் போட்டது எது என்று கேள், அதுவும் பலிக்காவிட்டால் எண்ணை மாற்றி வேறொரு கணக்கை நீ போட்டுக் காட்டி, அவனுடைய கணக்கை அவனிடமே விடு. அவன் நோட்டில் நீ எழுதாதே. உன் விளக்கத்துக்கு உன்னிடம் தனியாக ஒரு ரஃப் நோட்டு இருக்கட்டும்.

இன்னொன்று: விடை சரியாக இருக்கும்போதும் "இந்த வரி எப்படி வந்தது?" என்று கேள். தப்பான இடத்தில் மட்டும் கேட்டால், மிஸ் கேட்கிறாள் என்றாலே தப்பு என்று புரிந்துகொண்டு உடனே அழிப்பானைத் தேடுவார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் மற்றவருக்கு விளக்க வேண்டும். பவணந்தியாரின் அரைப் பங்கு இங்கேதான். எப்போதும் கெட்டிக்காரனே விளக்கினால் அவன் ஒருவன்தான் வளர்வான், முறை மாற்றி விடு. ஆங்கில வழிப் பிள்ளைகள் முதலில் தமிழில் சொல்லட்டும். "ஹைப்பாட்டினியூஸ்" என்று ஒப்பிப்பவளிடம் படத்தைத் திருப்பி வைத்து எது என்று கேட்டால், சாய்ந்திருக்கும் ஏதோ ஒரு கோட்டைக் காட்டுவாள். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது என்று தன் வாயால் சொல்ல வந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

தனிப்பயிற்சிக்குப் பெரிய பலன் உண்டு என்று சொல்கிறவர்கள் 1984-இல் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரையைக் காட்டுவார்கள். தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதத்தினரை மிஞ்சினார் என்பது அதில் உள்ள செய்தி. பிற்பாடு வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் ஒரு விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: அங்கே ஒரு பகுதி தேறாமல் அடுத்த பகுதிக்குப் போகவில்லை, சோதித்து, ஓட்டையை அடைத்த பிறகே நகர்ந்தார்கள். பள்ளிக்கூடம் முக்கோணவியலுக்குப் போய்விட்டது என்பதற்காக நீயும் பின்னாலேயே ஓடினால், டியூஷன் இரண்டாவது பள்ளிக்கூடம் ஆகிவிடும். பள்ளி வீட்டுப்பாடத்தை உன் வீட்டில் முடித்துக்கொள்ளவும் விடாதே. பெற்றோருக்கு அது பிடிக்கும், பிள்ளைக்கு உதவாது.

தேர்ச்சியே சந்தேகம் என்று இருக்கும் அந்தப் பையனுக்கு மட்டும் வழி வேறு. தாளின் அமைப்பு உனக்குத் தெரியும்: ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 14-இல் 10, ஐந்து மார்க் 14-இல் 10, எட்டு மார்க் இரண்டு, வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. 28-ஆவதும் 42-ஆவதும் கட்டாய வினா. தேர்ச்சிக்கு 35. வரைதல் இரண்டிலும் சேர்ந்து 16 இருக்கிறது, அங்கேயே ஆரம்பி.

வரைபடத்தில் மார்க் போவது அட்டவணையில்தான். y = x² − 4x + 3 என்றால் x², −4x, 3 மூன்றுக்கும் தனித்தனி வரிசை போட வை. x, −1 முதல் 5 வரை என்றால் y வரிசை 8, 3, 0, −1, 0, 3, 8 என்று வர வேண்டும். கண்ணாடியில் பார்த்தது போல இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல். (−1)² என்பதை −1 என்று போட்டிருந்தால் முதல் எண் 6 ஆகிவிடும், 8 வராது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாததால் தப்பு தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். அளவுத்திட்டம் எழுதாமல் விடுவது, அச்சுகளுக்குப் பெயர் போடாதது, புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோடாக இணைப்பது, இவை மூன்றும் வழக்கமான இழப்பு. வடிவியலில் ரஃப் படம் போடாமல் இறங்குவதும், காம்பஸால் வெட்டிய விற்களை அழகுக்காக அழிப்பதும். காம்பஸின் திருகு தளர்ந்திருந்தால் எந்த முறையும் பலிக்காது, அதை முதலில் பார்.

ஒரு மார்க்குக்குப் புக் பேக்கை, அதாவது பாடத்தின் முடிவில் இருக்கும் கேள்விகளை, விடை எழுத்தை மனப்பாடம் செய்யாமல், ஏன் மற்ற மூன்றும் இல்லை என்று சொல்லிப் போடட்டும். நேரம் இல்லாதபோது ஒரு பாடத்துக்கு நாலு கேள்விக்காவது அப்படிச் செய்.

பெற்றோரிடம் மதிப்பெண்ணுக்கு வாக்குக் கொடுக்காதே. மாதம் ஒருமுறை, "பின்னம் சரியாகிவிட்டது, குறித் தப்பு இன்னும் இருக்கிறது" என்று குறிப்பாகச் சொல். எழுத்தையும் எண்ணையும் விடாமல் மாற்றிப் படிக்கிற, கேட்டால் சொல்லியும் எழுதினால் வராத பிள்ளை இருந்தால் சோம்பேறி என்று முடிவு கட்டாமல், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல். மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை உண்டு. அது பள்ளி வழியாகத்தான் போக வேண்டும், கடைசி நேரத்தில் நடக்காது.

பள்ளியில் வேலைக்கும் விண்ணப்பித்திருப்பதாக எழுதியிருந்தாயே. வேலை கிடைத்துவிட்டால் இந்த டியூஷனை நிறுத்த வேண்டியிருக்கும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது என்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நடு ஆண்டில் விடும்படி ஆகிவிடக் கூடாது, பெற்றோரிடம் இப்போதே சொல்லி வை.

கிராஃப் தாள் ஒரு கட்டும் காம்பஸ் இரண்டும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பன்னிரண்டு கணக்கையும் ஆறு பேரிடமும் கொடுத்துவிட்டு, யார் எதை எப்படித் தப்பாக எழுதினார்கள் என்று அப்படியே எழுதி அனுப்பு. விடையைத் திருத்தாமல் அனுப்பு.

அன்புடன்,
அம்மா