கடைமடைக்கு எரிவாயு போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், "எரிவாயுக் குழாய் நிரம்பிவிட்டது என்கிறார்களே, வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டால் ஆகாதா?" என்று கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மத்தியப் பிரதேசத்தில், வாயுவை அழுத்திக் குழாயில் முன்னே தள்ளும் ஒரு கம்ப்ரசர் நிலையத்தில் இருபத்தேழு ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன் நான். வேலையில் சேர்ந்த முதல் மாதம் நானும் இதையேதான் கேட்டேன். என் மேலதிகாரி பதில் சொல்லவில்லை. சிரித்துவிட்டு டீ வாங்கி வரச் சொன்னார்.

காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு இது வாய்க்கால் கணக்காகத்தான் புரியும். தலைமடைக்காரர் மடையை அகலத் திறந்தால் கடைமடையில் நாற்று காயும். குழாயிலும் அதே கதைதான். குழாயின் கொள்ளளவு என்று ஒற்றை எண்ணைப் போட்டு எழுதுகிறார்களே, அப்படி ஓர் எண் கிடையாது. எங்கே, எத்தனை கிலோ அழுத்தத்தில் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பது எங்கள் கணக்கு) ஏற்றுகிறோம், வழியில் யார் எவ்வளவு இறக்குகிறார்கள், கடைசி ஆளுக்கு எத்தனை கிலோ மிஞ்ச வேண்டும் என்பதைப் பொறுத்து அது மாறும். மேல் அழுத்தத்துக்கு இரும்பு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டி ஏற்ற எந்த அதிகாரியாலும் உத்தரவு போட முடியாது.

வாய்க்காலுக்கும் குழாய்க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வாயு அமுங்கும். அதனால் குழாயே ஒரு குளமாகவும் இருக்கிறது. நாங்கள் இதை லைன்பேக் என்போம். 36 அங்குலக் குழாயில் 100 கிலோமீட்டர் நீளத்துக்குச் சராசரி அழுத்தம் 10 கிலோ இறங்கினால் சுமார் 7 லட்சம் கன மீட்டர் வாயு வெளியே போயிருக்கிறது என்று பொருள். நடுத்தரமான ஒரு யூரியா ஆலைக்கு அரை நாள் தீனி அது. ராத்திரி யாராவது கூடுதலாக இழுத்தால் உடனே ஒன்றும் தெரியாது, குளம்தான் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். திருப்பி நிரப்பலாம் என்றால், வாயு குழாய்க்குள் டவுன் பஸ் வேகத்தில்தான் நகரும், மணிக்கு இருபது, முப்பது கிலோமீட்டர். குஜராத்தின் ஹசீராவில் இன்று காலை ஏற்றியது உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூரை எட்ட ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். அதனால்தான் நாளைக்கு எவ்வளவு ஏற்றுவேன், எவ்வளவு எடுப்பேன் என்று ஒவ்வொருவரும் முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு நாள் என்பது காலை 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு முடியும்.

ஒரு ஜனவரி இரவைச் சொல்கிறேன். இரண்டு மணி தாண்டி எங்கள் கம்ப்ரசர்களில் ஒன்று நின்றுவிட்டது. மறுபடி ஓடவிட நாலு மணி நேரம் ஆகும் என்று தெரிந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் வரும் முதல் கிளையில் இருந்த ஆலை அன்று நள்ளிரவு முதலே எழுதிக் கொடுத்ததைவிடக் கூடுதலாக இழுத்துக்கொண்டிருந்தது. கூடுதல் கட்டணத்தைக் கட்டிவிட்டால் போயிற்று என்ற தைரியம். குழாயின் கோடியில் இருந்த உர ஆலையோ எழுதிக் கொடுத்த அளவை ஒரு கன மீட்டர்கூடத் தாண்டவில்லை. மேலிடத்துக்குப் போன் போட்டேன். கோடி ஆலையைக் குறைக்கச் சொன்னார்கள். முதல் ஆலைக்காரருக்குத் தெரிந்தவர்கள் அதிகம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. கோடி ஆலையின் ஷிப்ட் பொறியாளர் என்னை போனில் அழைத்து, "எவ்வளவு தருவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. விடியற்காலை அவர்களுடைய அம்மோனியா பிரிவு நின்றுபோனது. அதை மறுபடி எழுப்பி நிறுத்த நாள்கணக்கில் ஆகும். குறையும்போது யாருக்கு எந்த வரிசையில் வெட்டு என்று முன்னாலேயே எழுதி எல்லோர் கையிலும் கொடுத்திருந்தால் அந்தப் பொறியாளரின் போனே வந்திருக்காது.

இப்போது பெட்ரோலியம், இயற்கை எரிவாயுவுக்கென்று ஓர் ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. 2006 சட்டத்தின்படி வந்தது. குழாய் போடுபவர் தன் தேவைக்கும் நீண்ட கால ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, பிறர் பயன்படுத்தவென்று வைக்க வேண்டும் என்பது விதி. 2023 ஏப்ரல் முதல் தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, குழாயில் வாயுவைக் கொண்டுசெல்ல ஒருங்கிணைந்த கட்டணமும் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் கட்டணத்தைச் சமமாக்கியதால் குழாயில் இடம் கூடிவிடாது.

இடத்தைக் கூட்டுவது வேறு வேலை. ஹசீரா குழாயின் திறன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1.82 கோடி கன மீட்டர், பிறகு 3.34 கோடியாக உயர்த்தினார்கள். அங்கே வாயு இருந்தது, இடம்தான் போதவில்லை. காக்கிநாடாவிலிருந்து பரூச் வரை சுமார் 1,400 கிலோமீட்டருக்குப் போட்ட குழாய் நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் கொண்டுபோகும். கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடல் வயல் சில ஆண்டுகளிலேயே வற்றத் தொடங்கியதும் அது காற்று வாங்கியது. கொச்சியில் 2013-லேயே எல்.என்.ஜி. முனையம், அதாவது திரவமாக்கிய வாயுவைக் கப்பலிலிருந்து இறக்கும் இடம், வந்துவிட்டது. மங்களூருக்குக் குழாய் போய்ச் சேர 2021 ஆயிற்று. இடையில் இருந்த ஆண்டுகளில் கப்பல் இருந்தது, மடை இல்லை.

நம் பக்கம் எண்ணூர் முனையம் 2019-ல் திறந்தது. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரையான 143 கிலோமீட்டர் குழாய் 2021 பிப்ரவரியில் வந்தது. அங்கேயும் கடைமடையில் இருப்பது ஓர் உர ஆலைதான் என்பதைப் படித்தபோது அந்த ஜனவரி இரவு நினைவுக்கு வந்தது. குழாயில் இடம் தாராளமாக இருக்கும் காலத்திலேயே வெட்டு வரிசையை எழுதி வெளியிட்டுவிட வேண்டும். நிரம்பிய பிறகு எழுத உட்கார்ந்தால் யாருடைய போன் முதலில் வருகிறதோ அவருக்குச் சாதகமாகத்தான் எழுதப்படும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் மூன்றையும் தினமும் போடுகிறீர்கள். நானும் காலையில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். அதன் கீழே இரண்டு வரி இடம் ஒதுக்கி, குழாயில் ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு, காலை 6 மணிக்குத் தூத்துக்குடிக் கோடியில் அழுத்தம் எத்தனை கிலோ என்று போட்டால், வால்வைத் திறக்கச் சொன்ன வாசகரே ஒரு மாதத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் பொறியாளர் ஒருவர்,
கும்பகோணம்.