எந்தப் பத்து சதவீதம்? பல் வெளுக்கும் ஜெல் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

முதலில் நான் வாங்கியது 16 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல். பல் கொஞ்சம் கூசியது. சரி, அடுத்தது மென்மையானதாக இருக்கட்டும் என்று 10 சதவீதம் என்று போட்டிருந்த வேறொன்றை வாங்கினேன். அது ஹைட்ரஜன் பெராக்சைடு. அப்புறம் இரண்டு நாள் தண்ணீரைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் குடித்தேன்.

தப்பு என்னுடையதுதான், ஆனால் முழுவதும் அல்ல. கார்பமைடு பெராக்சைடு என்பது யூரியாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த பொருள். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 சதவீத கார்பமைடு என்றால் சுமார் 3.5 சதவீதம், என் 16, ஆறுக்கும் கீழே. குறைத்துக்கொண்டதாக நினைத்து, கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்குப் போயிருக்கிறேன்! இந்தக் கணக்கை உங்கள் பெட்டி எங்கும் சொல்லவில்லை.

வேகமும் வேறு. ஹைட்ரஜன் பெராக்சைடு சீக்கிரமே வேலையை முடித்துவிடும். கார்பமைடு அந்தப் பெராக்சைடை மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வெளிவிடும். ஜெல்லை நிரப்பி இரவு முழுக்கப் பல்லில் அணியும் டிரேக்குக் கார்பமைடைத் தருவது இதனால்தான். ஒன்றுக்கான நேரத்தை இன்னொன்றுக்கு வைத்தால் ஈறும் வெந்துபோகலாம்.

‘பெராக்சைடு இல்லாதது’ என்று விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே பெரும்பாலும் பிஏபி என்ற வெளுக்கும் பொருள் இருக்கிறது. அதுவும் கறையை ஆக்சிஜனேற்றம் செய்துதான் வெளுக்கிறது. பெயரில் பெராக்சைடு இல்லை, அவ்வளவே. அது அமிலத்தன்மை உள்ளது, அதைச் சமன்செய்யாமல் விட்டால் எனாமலுக்கு ஆகாது. குளோரின் டைஆக்சைடு ஜெல்லிலும் அமிலம்தான் கவலை. ஆகவே அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு எவ்வளவு என்று போடுங்கள். சமையல் சோடாவை இந்த வரிசையில் நிறுத்தவே வேண்டாம். அது மேலே படிந்த கறையைத் தேய்த்து எடுக்கும், உள்நிறத்தைத் தொடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதி, ஜெல்லில் இருக்கும் அல்லது அதிலிருந்து வெளியாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைத்தான் கணக்கில் எடுக்கிறது. 0.1 சதவீதத்தைத் தாண்டி 6 வரை உள்ளதைப் பல் மருத்துவருக்கு மட்டுமே விற்கலாம். 18 வயதுக்குக் கீழே கூடாது. ஆக, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் சொல்ல முடியும்.

அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு சதவீதத்தைப் பெட்டியின் முன்பக்கம் போடுங்கள். கூச்சத்தைத் தணிக்கப் பொட்டாசியம் நைட்ரேட் சேர்த்திருந்தால் அதன் அளவையும் போடுங்கள். பல்லில் வைத்த அடைப்பும் பல்லுக்குப் போட்ட உறையும் நிறம் மாறாது என்பதைத் துண்டுச்சீட்டின் கடைசி வரியில் படித்தேன். அதையும் முன்னால் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
முன்பல்லில் ஒன்று மட்டும் மஞ்சளாக நிற்கும் ஒரு வாடிக்கையாளர்