திண்ணைக்கு ஒரு கணக்கு

கும்பகோணம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கயலுக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டு, இரண்டு தடவையும் மழை, காய்கறி விலை என்று எதையோ பேசி வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

பாட்டியின் வருஷத் திதி முடிந்த மூன்றாம் நாள் நீ கூப்பிட்டு, "அப்பா, அத்தைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். அத்தை உனக்குப் போன் செய்து, மனசைத் தளரவிடாதே, அடுத்தது நல்லபடியாகத் தங்கும் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். நான், "தெரியலையேம்மா" என்றேன். அது பொய். அவள் என் கம்ப்யூட்டரில்தான் பார்த்தாள்.

அன்றைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் கொல்லைப்பக்கம் வாடகைப் பாத்திரங்களை எண்ணி ஆள் வசம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா பையன் அருண் கூடத்திலிருந்து, "பெரியப்பா, ரிட்டர்ன் டிக்கெட்டை ஒரு பிரிண்ட் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். "எடுத்துக்கோடா, இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்றேன். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. போட்டிருந்தால் அம்மா மறந்துவிடுவாள் என்று நான்தான் போடவில்லை.

அவன் எதையும் தோண்டவில்லை, கயல். பென்டிரைவைச் செருகிவிட்டு மஞ்சள் ஃபோல்டர் படத்தை அழுத்தியிருக்கிறான். அது திறந்ததும் 'சமீபத்தில் பார்த்தவை' என்று ஒரு பட்டியல் கீழே வருமே, அதில் முதல் வரியில் உன் பெயர், 'ஸ்கேன் ரிப்போர்ட்', மாதம், எல்லாம். அப்படிப் பெயர் வைத்ததும் நான்தான். முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் மேலே விவரமாக எழுதி அடுக்கிய கை, வேறு மாதிரி எழுத வராது. நீ அனுப்பியதை நம் டாக்டரிடம் காட்டுவதற்காக இரண்டு நாள் முன்னால் திறந்திருந்தேன். "கயல் அக்காவுக்கு என்ன ஸ்கேன்?" என்று அவன் கேட்க, சோபாவில் இருந்த அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் உள்ளே வந்தபோது திரையில் ரயில் டிக்கெட்தான் இருந்தது. அத்தை முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

என்னிடமும் அம்மாவிடமும் மட்டும் நீ சொன்ன விஷயம் அது. அதை வெளியே விட்டது நான். மன்னித்துக்கொள் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று இரவே அந்த ஃபைலை ஒரு ஃபோல்டரில் போட்டு, ரைட் கிளிக் செய்து, 'ஹிட்டன்' என்பதை டிக் செய்தேன். ஃபோல்டர் மறைந்துவிட்டது. நிம்மதியாகத் தூங்கினேன். மறுவாரம் பிரிண்டருக்கு மை மாற்ற வந்த பையனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே மேலே 'வியூ' என்ற இடத்தை அழுத்தி, 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' என்பதைத் தட்டினான். ஃபோல்டர் கொஞ்சம் மங்கலாக அதே இடத்தில் நின்றது. பீரோச் சாவியைப் புடவை மடிப்புக்குள் வைக்கிற கதைதான். எந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த இடம் தெரியாது?

அப்புறம்தான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். மாமா குடும்பம் அடுத்த மாதம் எட்டு நாள் உன் வீட்டில் தங்கப்போகிறார்களே, நீயும் தெரிந்துகொள். கம்ப்யூட்டர் வேலை செய்கிற பெண்ணுக்கு அப்பா பாடம் நடத்துகிறார் என்று சிரிக்காதே. போன தீபாவளிக்கு நான் வந்திருந்தபோது உன் லேப்டாப் டைனிங் டேபிளில் திறந்த மேனிக்கு இருந்ததைப் பார்த்தேன். எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பூட்டிக்கொள்ளும்.

நான் செய்தது, வருகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு கணக்குத் திறந்தது. பழைய விண்டோஸ் 7இல் 'கெஸ்ட்' என்று ஒன்று தயாராகவே இருந்தது, ஆன் செய்தால் போதும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். உடனே ஈமெயில் முகவரி கேட்கும். அந்த ஆளுடைய விவரம் என்னிடம் இல்லை என்று ஒரு வரி சின்னதாக இருக்கும், அதை அழுத்தினால் அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்க்க வழி விடும். 'கெஸ்ட்' என்றே பெயர் வைக்கப் பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெயரை அது தனக்கென்று வைத்திருக்கிறதாம். சரி போ என்று 'திண்ணை' என்று வைத்துவிட்டேன். தாத்தா காலத்தில் வழிப்போக்கர் வந்து படுத்துப் போனது திண்ணையில்தான். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டது இல்லை.

அந்தக் கணக்கு சாதாரணக் கணக்காகத்தான் உருவாகும், அப்படியே விட்டுவிட வேண்டும். அதை அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு, ஆக்கினால் செய்ததெல்லாம் வீண். என் கணக்குக்கு முதல் வேலையாகப் பாஸ்வேர்ட் போட்டேன். திண்ணை கட்டிவிட்டு வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் என்ன பயன்? அம்மாவுக்கு அவள் மறக்கவே முடியாத ஒன்றாக வைத்தோம். என்ன என்று கேட்காதே. திண்ணையில் நுழைந்து என் டாகுமென்ட்ஸைத் திறக்கப்போனால், உனக்கு அனுமதி இல்லை என்கிறது. மீறி அழுத்தினால் என் பாஸ்வேர்டைக் கேட்கிறது. பிரிண்டர் அங்கேயும் வேலை செய்கிறது, யூடியூபும் ஓடுகிறது. வருகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

இதோடு முடிந்தது என்று நினைத்து, நானே விருந்தாளி மாதிரித் திண்ணையில் நுழைந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். சி டிரைவில் எல்லாம் பூட்டியிருந்தது. டி டிரைவைத் தட்டினேன். உன் கல்யாண ஆல்பம், பாஸ்புக் ஸ்கேன், வீட்டுப் பத்திரம், என் உயில் நகல், எல்லாம் அப்படியே திறந்துகொண்டது! உயிலில் பெரிதாக ஒன்றும் இல்லை, இருந்தாலும் நான் இருக்கும்போதே அத்தை படிக்க வேண்டாம் அல்லவா.

விஷயம் என்னவென்றால், சி டிரைவில் ஒவ்வொரு ஆளுக்கும் விண்டோஸ் தனி அறை தடுத்துக் கொடுக்கிறது. அந்த அறைக்குள் இருக்கிற டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் இவற்றுக்குத்தான் காவல். டி, இ என்று நாம் பிரித்து வைத்திருப்பது எல்லாருக்கும் பொதுவான கூடம் மாதிரி. யார் கணக்கில் நுழைந்தாலும் திறக்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலும் டி டிரைவ் பிழைக்கும் என்று யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டு, எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டி வைத்திருந்தேன். உன் பழைய கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று ஞாபகம். முக்கியமானதை எல்லாம் என் டாகுமென்ட்ஸுக்கு மாற்ற ஒரு முழு நாள் ஆயிற்று.

உன் ரிப்போர்ட்டை மட்டும் இதையும் நம்பி விட மனசு வரவில்லை. ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டிப் பூட்டுவதற்கு செவன் ஜிப் (7-Zip) என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கும். அதில் 7இசட் (7z) வகையைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்ட் கொடுத்து, ஃபைல் பெயர்களையும் மறை என்கிற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டால் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாதே தவிர, பெயரை யாரும் படிக்கலாம். நமக்கு வினை வைத்ததே பெயர்தானே.

பூட்டி முடித்துவிட்டுப் பழைய ஃபைலை அழித்தேன். பிறகு தேடினால் டவுன்லோட்ஸில் ஒன்று இருக்கிறது. ரீசைக்கிள் பின்னில் ஒன்று. டாக்டருக்கு அனுப்பிய மெயிலோடு ஒன்று. வாட்ஸ்அப்பில் நீ முதலில் அனுப்பிய போட்டோ ஒன்று. ஒரே ஒரு காகிதம், என்னிடம் மட்டும் நாலு இடத்தில். வாட்ஸ்அப்பையும் கம்ப்யூட்டரில் எப்போதோ இணைத்து அப்படியே விட்டிருந்தேன், உன் மெசேஜ் வந்தால் மூலையில் எட்டிப் பார்க்கும். போனில் லிங்க்டு டிவைசஸ் போய் அதையும் வெட்டிவிட்டேன். அந்த 'சமீபத்தில் பார்த்தவை' பட்டியலையும் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பிரைவசி என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

இப்போது உன் வீட்டு விஷயம். ஆபீஸ் லேப்டாப்பை மாமா பையன் கேட்டால் கொடுக்காதே. கம்பெனி ரூல் என்று சொல், உண்மையும் அதுதான். மாப்பிள்ளையின் ஆப்பிள் மேக் கம்ப்யூட்டரில் விருந்தினர் கணக்கு இன்னும் இருக்கிறது. யூசர்ஸ் அண்ட் குரூப்ஸில் 'கெஸ்ட் யூசர்' என்பதை ஆன் செய்தால் போதும், வந்தவர் வெளியேறியதும் அவர் அதில் வைத்ததெல்லாம் தானாக அழிந்துவிடும். கேட்பதற்கு முன்னாலேயே, "இந்தாடா, உனக்குன்னு தனியா வெச்சிருக்கேன்" என்று கொடுத்துவிடு. தடுத்த மாதிரி இருக்காது, உபசரித்த மாதிரி இருக்கும். சொந்தக்காரர்களிடம் 'கூடாது' என்று சொல்ல நம் குடும்பத்தில் யாருக்கும் வாய் வராது.

டிவியையும் பார். சும்மா இருக்கும்போது உன் கூகுள் போட்டோஸிலிருந்து படம் மாற்றி மாற்றிக் காட்டும்படி மாப்பிள்ளை வைத்திருக்கிறார். எந்த ஆல்பம் என்று ஒருமுறை கேட்டு வை.

ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்ட் போட்டுத்தானே வருகிறது என்று ஒருமுறை சொன்னாய். அந்தப் பாஸ்வேர்ட் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். வெளியாள் கையில் சிக்கினால் கொஞ்சம் திணறுவான். மாமாவுக்கு உன் பெயரும் தெரியும், நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு காபி வாங்கி வந்தவரும் அவர்தான்.

கருவியைத் தூக்கிக்கொண்டே போகிறவனுக்கு இதெல்லாம் போதாது என்று அந்த மைப் பையன் சொன்னான். பென்டிரைவில் விண்டோஸ் மாதிரியே லினக்ஸ் என்று இன்னொன்றைப் போட்டு வந்து, செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால், விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்காமலே டிஸ்கைப் படித்துவிடலாமாம். அதைத் தடுக்க, டிஸ்க் முழுவதையும் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டால் பூட்ட வேண்டும். அப்போது 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி கிடைக்கும், அது தொலைந்தால் சில சமயம் நமக்கே வழி இருக்காது. வெளியூர் எடுத்துப்போகிற லேப்டாப்புக்கு அது வேண்டும், உன்னுடையதற்கு ஆபீஸிலேயே செய்திருப்பார்கள். கூடத்தில் இருக்கிற என் பெட்டிக்கு நான் செய்யவில்லை. நம் வீட்டுக்கு வருகிறவர்கள் திருடர்கள் இல்லை. கண் முன்னால் நீட்டினால் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அத்தையிடம் நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவள் யாரிடமும் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் அவளுக்கும் இப்படி ஒன்று நடந்தது. அப்போது எங்கள் வீட்டில் பாட்டிக்கு மட்டும்தான் தெரியும், எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்கள். அதனால்தான் உனக்குப் போன் செய்தாளோ என்னவோ. நீ அவளோடு பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பூட்டி வைத்த அந்த ஃபைல் என் டாகுமென்ட்ஸில் இருக்கிறது, இப்போது அதன் பெயர் வெறும் '17'. பாஸ்வேர்டை எங்கும் எழுதவில்லை. அழிக்கட்டுமா, அடுத்த தடவை டாக்டருக்கு வேண்டியிருக்கும் என்று வைத்திருக்கட்டுமா, நீ சொல். சொல்லும்வரை தொட மாட்டேன்.

மாமாவிடம் அம்மா புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புகிறாள். பாட்டில் மூடி சரியாக நிற்காது, வந்ததும் வேறு பாட்டிலில் மாற்றி வை.

அன்புடன்,
அப்பா