மூக்கு சராசரியில் இல்லை

ஆசிரியருக்கு,

பணியிடக் காற்றோட்டம் என்று பேச்செடுத்தாலே, "மணிக்கு நாலு முறை காற்று மாறுகிறது, கவலையில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அது அறை முழுவதற்குமான சராசரி. தின்னர் (பெயின்ட் கரைக்கும் திரவம்) ஊற்றிய தட்டின் மேல் குனிந்து உதிரிபாகம் கழுவுபவரின் மூக்கு அந்தச் சராசரியில் இல்லை.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அறை 300 கன மீட்டர். நிமிடத்துக்கு 20 கன மீட்டர் புதுக்காற்று. தட்டிலிருந்து நிமிடத்துக்கு 100 மில்லிகிராம் ஆவி கிளம்புகிறது. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவதாகக் கொண்டால், கன மீட்டருக்கு 5 மில்லிகிராமில் வந்து நிற்கும். இனி தட்டைச் சுற்றி 0.8 மீட்டர் ஆரத்தில் ஓர் அரைக்கோளம் வரையுங்கள். வளைபரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். அங்கே காற்று நிமிடத்துக்கு 5 மீட்டர் வேகத்தில் அலைகிறது. பாதிப் பரப்பில் நுழைந்து மறுபாதியில் வெளியேறுகிறது என்றால் பரிமாற்றம் நிமிடத்துக்கு 10 கன மீட்டர்தான். ஆகவே அரைக்கோளத்துக்குள் கன மீட்டருக்குக் கூடுதலாக 10 மில்லிகிராம் சேர்ந்து, மொத்தம் 15. சராசரியைப் போல் மூன்று மடங்கு! புதுக்காற்றை இரட்டித்தாலும், தட்டருகே காற்றின் அலைச்சல் மாறாதவரை, 15 என்பது 12.5 ஆகத்தான் இறங்கும்.

அதைவிட உறிஞ்சுகுழாயைத் தட்டருகே கொண்டுவருவது மேல். வெறும் குழாய்வாயிலிருந்து அதன் விட்டத்தின் அளவு தூரம் தள்ளினாலே இழுப்பு வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

புதுக்காற்று என்று போட்ட அந்த 20ஐயும் மின்விசிறியின் தகட்டில் பொறித்த அளவைப் பார்த்து எழுதக் கூடாது. வடிகட்டி அடைத்திருக்கும், குழாய் வளைந்திருக்கும். ஆளில்லாத நேரத்தில் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு விட்டுக் கலக்கி, அளவி வைத்துப் பாருங்கள். வெளிக்காற்றின் அளவைக் கழித்த மிச்சம் 15 நிமிடத்தில் (300ஐ 20ஆல் வகுத்தால் வருவது) 37 சதவீதமாகக் குறைந்தால் அந்த 20 சரி. மூலையில் மட்டும் மெதுவாகக் குறைந்தால், உள்ளே வரும் காற்று நேரே வெளிவாயிலுக்கு ஓடுகிறது என்று பொருள். ஏ.சி. சுழற்றும் காற்றை இதில் சேர்க்க வேண்டாம். தூசி வடிகட்டியில் ஆவி நிற்காது.

கணினியில் காற்றோட்டத்தை வண்ண வண்ணமாக ஓட்டிக் காட்டும் மாதிரிகளும் இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. ஆவியின் அளவை ஊகித்துப் போட்டால் படமும் ஊகமே. வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் தட்டை எடை போடுங்கள்; பாகங்களில் ஒட்டிப் போனதைக் கழியுங்கள். 480 நிமிடத்தில் 48 கிராம் குறைந்திருந்தால், அதுதான் மேலே சொன்ன 100.

இப்படிக்கு,
தொழிலகச் சுகாதாரப் பொறியாளர்கள்