அல்மீடா ரோட்டுத் தபாலாபீஸ்

ஹூஸ்டன்
மார்ச் 9

அன்புள்ள வசந்தி,

திட்டுவதென்றால் முதலிலேயே திட்டி முடித்துவிடு. கடிதம் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. வாட்சப்பில் காலை வணக்கப் பூ அனுப்பியதெல்லாம் கணக்கில் வராது, எனக்கே தெரியும். இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. பெரியவன் டல்லாஸில் வீடு வாங்கிவிட்டான், வெயில் கொஞ்சம்கூடக் குறையாத ஊருக்கு ஏன் போனானோ. போன ஜூலையில் பெரில் புயல் வந்து நாலு நாள் கரண்ட் இல்லாமல் வெந்தோம். என் இடது முட்டி போய்விட்டது. முட்டியைப் பற்றிப் புலம்பத்தான் போகிறேன், ஏனென்றால் கதையே அங்கேதான் ஆரம்பம்.

அதற்கு முன்னால் ஒரு துக்கச் செய்தி. ஓல்ட் ஸ்பானிஷ் டிரெயிலில் நம் அபார்ட்மெண்டை இடித்துவிட்டார்கள். மாடிப்படி, அந்தத் துருப்பிடித்த தண்ணி மிஷின், நீ மிளகாய் வற்றல் காயப்போட்டு மேனேஜரிடம் மாட்டிய பால்கனி, எதுவும் இல்லை. கம்பி வேலிக்கு உள்ளே செம்மண் மேடும் ஒரு பொக்லைனும் நிற்கின்றன. நான் வேலிக்கு வெளியே நின்று, நம் வாசல் எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். பிடிபடவில்லை. பத்து வருடம் இருந்த வீடு, வசந்தி!

ஆலிசன் புயல் நினைவு வந்தது. 2001 ஜூன், வெள்ளிக்கிழமை ராத்திரி. விடிவதற்குள் பிரேஸ் பாயு ஓடை கரையைத் தாண்டிக் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்துவிட்டது. பாஸ்போர்ட் பையை அப்படியே போட்டுவிட்டுக் கிரைண்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாயே, அதை இவர் இன்னும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறார். மறுநாள் உன் வீட்டுக்காரர் கைலியோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை மட்டும் இவர் சொல்வதில்லை. மெடிக்கல் சென்டர் பேஸ்மெண்டுகளில் அன்றைக்கு ஆயிரக்கணக்கில் ஆய்வு எலிகள் செத்தன, அவருடைய மூன்று வருட உழைப்பும் அதில் போயிற்று. எலிக்கு அழுகிறாரே என்று அப்போது நாம் சமையலறையில் சிரித்தோம். இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது.

சரி, முட்டிக்கு வருகிறேன். போன மாதம் உனக்குப் புத்தகப் பார்சல் அனுப்ப அல்மீடா ரோடு தபாலாபீஸுக்குப் போனேன். வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, ஆனாலும் உனக்கு அனுப்புவதென்றால் கால் தானாக அங்கேதான் போகிறது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பாயு பாலம் தாண்டி, பஸ் காசை மிச்சம் பிடித்து, ஏரோகிராம் வாங்கப் போவோமே, அதே இடம். உன்னை 'மிஸ் வீ' என்று கூப்பிடும் கவுண்டர்காரர் இப்போது இல்லை. திரும்பி வரும்போது முட்டி பிடித்துக்கொண்டது. வாசலில் இருந்த ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பத்தின் மேலே ஒரு பலகை. டெக்சாஸ் மாநில வரலாற்றுப் பலகை. நீ போனது 2008-இல், ஐக் புயல் வந்த கையோடு. பலகை வந்தது அதற்கப்புறம், அதனால் உனக்கு மன்னிப்பு உண்டு. நான் எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன் என்று கேட்காதே.

அந்தத் தபாலாபீஸ் இருக்கும் இடத்தில் முன்னால் வைன்கார்ட்டன்ஸ் என்று ஒரு பலசரக்குக் கடை இருந்ததாம். 4110 அல்மீடா. சுற்றிலும் கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதி. அரிசி, பால், சோப்பு எதை வேண்டுமானாலும் அவர்கள் வாங்கலாம், காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொள்வார்கள். அதே கடைக்குள் சாப்பாட்டு மேடை ஒன்று, வரிசையாகச் சுழலும் ஸ்டூல்கள். அதில் மட்டும் அவர்கள் உட்காரக் கூடாது. காபி கூடக் கிடையாது.

1960 மார்ச் 4. டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்துக் கொடிக்கம்பத்தடியில் பதின்மூன்று மாணவர்கள் கூடினார்கள். ஒரு மைல் நடந்து வரும்போதே வழியில் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். கடைக்குள் போய் அந்த ஸ்டூல்களில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் செய்தது. கடைக்காரர்கள் மேடையையே மூடிவிட்டார்கள். ஹூஸ்டனில் இப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முன்னால் நின்றவர் எல்ட்ரூயி ஸ்டெர்ன்ஸ், சட்டக் கல்லூரி மாணவர். முந்தைய வருடம் தன் காரை மறித்துப் போலீஸ்காரர்கள் தன்னை அடித்ததற்கு நகரசபையிலேயே போய் நியாயம் கேட்ட ஆள்.

மூன்றாம் நாள் ராத்திரி ஃபெல்டன் டர்னர் என்ற கறுப்பு இளைஞரை முகமூடிக்காரர்கள் கடத்திக்கொண்டு போய்ச் சங்கிலியால் அடித்து, வயிற்றில் கத்தியால் மூன்று எழுத்துக் கீறி, மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். உயிர் பிழைத்தார். எந்த மூன்று எழுத்து என்று உனக்குச் சொல்ல வேண்டாம், அந்த வெள்ளை நிறவெறிக் கூட்டத்தின் கே.கே.கே.தான்.

எனக்குத் தூக்கம் போனது இதற்கு அடுத்த பகுதியில். ஃப்ரீட்மென்ஸ் டவுன் கிரெகரி பள்ளிக் கட்டடத்தில் கறுப்பின வரலாற்று நூலகம் ஒன்று இருக்கிறது, இரண்டு தடவை போய் உட்கார்ந்து வந்தேன். இவர் 'பிஎச்.டி. எப்போது முடிப்பாய்' என்கிறார். மாணவர்கள் விடவில்லை, மற்றக் கடைகளிலும் போய் உட்கார்ந்தார்கள். நகரத்துப் பெரிய கடைக்காரர்களுக்கு வியாபாரம் கெட்டுவிடும் என்று பயம். ரகசியமாகப் பேசி, ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஏறக்குறைய எழுபது சாப்பாட்டு மேடைகளை ஒரே நாளில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் மறுநாள் பேப்பரில் ஒரு வரி இல்லை! ரேடியோவில் இல்லை, டி.வி.யில் இல்லை. சில நாளைக்கு மூச்சு விடக் கூடாது என்று கடைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். செய்தி வந்தால் கலவரம் வரும் என்பது கணக்கு. கலவரம் வரவில்லை. கணக்கு பலித்தது.

இதை நல்லது என்பதா கெட்டது என்பதா என்று ஒரு மாதமாக எனக்குள்ளேயே பட்டிமன்றம் நடக்கிறது, நடுவர் இன்னும் வரவில்லை. மற்ற ஊர்களில் மண்டை உடைந்ததே, இங்கே உடையாமல் முடிந்ததே என்று ஒரு பக்கம். அந்தப் பிள்ளைகள் ஜெயித்ததை ஊரே சேர்ந்து அமுக்கிவிட்டதே என்று இன்னொரு பக்கம். ஜெயித்த மறுநாள் காலையில் ஸ்டெர்ன்ஸ் பேப்பரைப் பிரித்துப் பார்த்திருப்பார் இல்லையா? பின்னாளில் அந்த மனிதர் மனநோயில் பல வருடம் அவதிப்பட்டார். 2020-இல் இறந்தார். நான் இந்த ஊரில்தான் இருந்தேன். எனக்குப் பெயரே தெரியாது.

நாமும் அந்த இடத்தில் வரிசையில் நின்று, இங்கே பஸ் சரியில்லை, கத்தரிக்காய் சரியில்லை, இந்த ஊருக்குச் சரித்திரமே கிடையாது, எல்லாம் நேற்றுக் கட்டியது என்று சத்தமாகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற வயதான அம்மாக்களில் ஒருத்தி அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவளாகக்கூட இருந்திருக்கலாம். நம் குழந்தை வண்டிக்குக் கதவைத் திறந்து பிடித்தவர்கள் அவர்கள்தானே.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும், இவரிடம்கூடச் சொல்லவில்லை. எங்கள் ஊர் டீக்கடை ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவோடு போய் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்பேன். வெளியே ஓலைத் தட்டியில் தனியாக நாலைந்து டம்ளர்கள் செருகியிருக்கும். அது யாருக்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது, ஏழு வயதில். உங்கள் ஊர்ப் பக்கம் எப்படி? நாம் இத்தனை வருடம் பேசித் தீர்த்ததில் இந்தப் பேச்சு ஏன் வரவேயில்லை?

போதும், மேலே எழுதினால் அழுதுவிடுவேன், நீ கிண்டல் செய்வாய்.

போன வாரம் மார்ச் 4. பேரனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையை வாசித்துக் காட்டினேன். பாதியில் 'பசிக்கிறது பாட்டி' என்றான். பக்கத்தில் ஒரு கடையில் உயர ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்தேன். அவன் ஸ்டூலை மூன்று சுற்றுச் சுற்றி, உருளைக்கிழங்கு வறுவலைத் தரையெல்லாம் கொட்டிவிட்டான். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

இந்தக் கடிதத்தையும் அல்மீடாவில்தான் போடப் போகிறேன். கோயமுத்தூரில் நீங்கள் வீடு மாறினீர்களே, பின்கோடு அதேதானா? போன தடவை முறுக்குப் பார்சல் திரும்பி வந்து, இரண்டு மாதப் பழைய முறுக்கை இவர் ஒருவரே தின்று தீர்த்தார். ஆலிசனுக்கு மறுநாள் நீ எடுத்த போட்டோக்கள் உன் ஆல்பத்தில் இருந்தால் படம் பிடித்து அனுப்பு. வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். கிரைண்டர் என்னிடம்தான் இருக்கிறது, பெல்ட் மாற்றியாகிவிட்டது, திருப்பித் தருவதாக இல்லை. முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலம் இரண்டு பாட்டில், மறந்துவிடாதே.

உன்
கமலா