பணியாரச் சட்டியில் 11 ஸ்குரூ

ஏற்காடு
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகந்தானே? காபிப் பழம் பறிப்பு நடக்குது, ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. மூணு நாளா மூடுபனி, துவைச்ச துணி எதுவும் காயலை. அதெல்லாம் நேரில் பேசலாம். போனில் "எல்லாம் போச்சுடா"ன்னு அலறினேனே, அந்த லேப்டாப் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

தப்பு என்னோடதுதான். சேலத்தில் வேலை முடிஞ்ச அவசரத்தில், ஷட்டவுன் பண்ணாமல் மூடியை மட்டும் சாத்திப் பையில் போட்டு, பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துட்டேன். வீட்டில் பையைத் தொட்டா இட்லிப் பானை மாதிரி கொதிக்குது. உள்ளே ஹார்டு டிஸ்க் வழி நெடுக சுத்திக்கிட்டே வந்திருக்கு. அதில் தட்டுக்கும் படிக்கிற முனைக்கும் நடுவே இருக்கிற சந்து, ஒரு தலைமுடி கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைப் போய்க் குலுக்கி எடுத்திருக்கேன். மறுநாள் காலையில் உள்ளேயிருந்து பல்லி சொல்ற மாதிரி டிக், டிக். பலன் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டியிருக்கலை, நீலத் திரை வந்துடுச்சு.

சேலத்தில் ஒரு கடைக்காரர் கழட்டிக்கூடப் பார்க்காமல் "போர்டு போச்சுங்க, புதுசே வாங்கிக்கங்க"ன்னார். எனக்கு மனசு வரலை. வேற இடத்தில் ஒரு 480 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுத்தற தட்டே இல்லாத டிஸ்க், மட்டும் வாங்கிட்டு வந்தேன். 2.5 இஞ்ச், சாட்டாங்கிற இணைப்பு, 7 மில்லிமீட்டர் கனம், பழசு இருந்த அதே அளவு.

கழட்டினது சமையல்கட்டு மேடையில். அடியில் 11 ஸ்குரூ, அதில் கீல் பக்கம் இருக்கிற ரெண்டு மட்டும் நீளம். மாறிப் போகக் கூடாதேன்னு பணியாரச் சட்டியை எடுத்து, எந்த மூலையில் கழட்டினதோ அந்தந்தக் குழியில் போட்டேன். உன் தங்கச்சி பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கணும். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பினா, டப் டப்னு கிளிப்புகள் விடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் உடைஞ்சே போச்சுன்னு நெஞ்சு நின்னு வரும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி ஒயரைப் பிடுங்கறது. டிஸ்க்கை மாத்தறது அஞ்சு நிமிஷந்தான்.

அதுக்கப்புறம் வந்தது நானா இழுத்துக்கிட்ட வம்பு. மாட்டறதுக்கு முன்னாடியே, சரியா இருக்கான்னு பார்க்க, பையனோட கம்ப்யூட்டரில் யூஎஸ்பி வழியா செருகி, கேட்டதுக்கெல்லாம் ஓகே கொடுத்து எம்பிஆர் முறையில் ஃபார்மேட் பண்ணியிருந்தேன். டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்குன்னு குறிச்சு வைக்கிற 1983 காலத்து முறை அது. 2 டிபிக்கு மேல் கணக்குத் தெரியாது. இப்போ வர்ற மெஷினை ஆன் பண்ணதும் முதலில் ஓடுறது யூஇஎஃப்ஐங்கிற புரோகிராம். அதில் விண்டோஸுக்கு ஜிபிடிங்கிற புது முறை வேணும். பென் டிரைவில் இருந்து விண்டோஸ் 11 போடப் போனா, "இந்த டிஸ்கில் முடியாது"ன்னு நிக்குது. ஷிஃப்டும் எஃப்10-ம் அழுத்தினா கறுப்புத் திரை வரும். அதில் டிஸ்க்கைப் பிரிக்கிற டிஸ்க்பார்ட், அப்புறம் இருக்கிற டிஸ்க்கையெல்லாம் பட்டியல் போடுற லிஸ்ட் டிஸ்க்னு டைப் பண்ணணும். இந்த இடத்தில் நிதானம் வேணும்டா. பென் டிரைவும் அதே பட்டியலில்தான் நிக்கும், அளவைப் பார்த்துத்தான் எது எதுன்னு தெரிஞ்சுக்கணும். மூணு தடவை பார்த்துட்டு, செலக்ட் டிஸ்க் 0, எல்லாத்தையும் துடைக்கிற கிளீன், கன்வர்ட் ஜிபிடி. கிளீனுக்கு என்டர் தட்டும்போது, ஒண்ணுமில்லாத டிஸ்க்தான்னு தெரிஞ்சும் கை நடுங்குச்சு.

480-க்குக் காசு கொடுத்தேன், திரையில் 447 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்கன்னு ராத்திரி பத்து மணிக்குக் கொதிச்சேன். பையன் விளக்கினான்: கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1024-ஆ எண்ணுது. சின்னப் படியில் அளந்து வித்ததைப் பெரிய படியில் அளந்து வாங்கின கதை. மத்ததெல்லாம் சுலபம். லைசென்ஸ் நம்பரைக்கூடக் கேட்கலை, அது போர்டோட பதிஞ்சிருக்காம். முன்னே ஆன் பண்ணிட்டு டீ போட்டுக் குடிச்சு வருவேன், இப்போ அடுப்பைப் பத்த வைக்கக்கூட நேரமில்லை.

பழைய டிஸ்க்கை ஃப்ரீசரில் வெச்சா உயிர் வரும்னு ஒருத்தர் யோசனை சொன்னார். வெளியே எடுத்ததும் வேர்த்து, இருக்கிறதும் போயிருக்கும். நான் அதை யூஎஸ்பி கேஸில் போட்டு, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் இருக்கிற பென் டிரைவில் பூட் பண்ணி, கெட்டுப்போன டிஸ்க்கில் இருந்து நகலெடுக்கிற டிடிரெஸ்க்யூங்கிற புரோகிராமை ஓட விட்டேன். அது கெட்ட இடத்தில் முட்டிக்கிட்டு நிக்காமல் நல்லதை முதலில் அள்ளிட்டு, மிச்சத்துக்கு அப்புறமா திரும்பி வரும். ராத்திரி பூரா ஓடுச்சு. மூணு சீசன் எடைக் கணக்கும் கூலிக் கணக்கும் முழுசா வந்துடுச்சு.

வராதது ஒரே ஃபோல்டர். நாம எல்லாரும் பகோடா பாயிண்டில் எடுத்தோமே, நீ செருப்பைத் தொலைச்ச அன்னிக்கு, அந்தப் படங்கள். உன்கிட்ட ஒரு காப்பி கொடுத்த ஞாபகம். பீரோவில் தேடிப் பார். கிடைச்சா மேலே வரும்போது கொண்டு வா, வர்ற வழியில் தட்டுவடை செட்டும் ரெண்டு கட்டிக்கோ. உன் லேப்டாப்பையும் எடுத்து வா. ஷட்டவுன் பண்ணி.

உன்
மாப்ளே